மாறியதை மட்டும் கம்பைல் செய்ய: மேக்ஃபைலைச் சரியாக எழுதும் முறை

நூறு கோப்புகள் கொண்ட ஒரு சி நிரலில் ஒரே ஒரு கோப்பைத் திருத்தினால், அதை மட்டும் கம்பைல் செய்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி இணைத்தால் போதும். மீதி 99 கோப்புகளுக்கான ஆப்ஜெக்ட்கள் (கம்பைலாகி வந்த .ஓ கோப்புகள்) ஏற்கெனவே வட்டில் கிடக்கின்றன. எதை மறுபடி செய்வது, எதைத் தொடாமல் விடுவது என்று முடிவெடுப்பதுதான் மேக் என்ற கருவியின் வேலை. அதற்கான விதிகளை எழுதும் கோப்புதான் மேக்ஃபைல்.

1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் இதை எழுதினார். அவருடன் வேலை பார்த்த ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலை முழுக்க ஒரு பிழையைத் தேடினார். பிழையை அவர் முன்பே திருத்திவிட்டிருந்தார்; திருத்திய கோப்பைக் கம்பைல் செய்யத்தான் மறந்திருந்தார். பழைய ஆப்ஜெக்டே திரும்பத் திரும்ப இணைந்துகொண்டிருந்தது. மேக் பிறந்தது இந்த எரிச்சலில்தான். நேரம் மிச்சமாகிறது என்பது உண்மையே. ஆனால் அதைவிடப் பெரிய பயன், இப்போது ஓடும் நிரல் எடிட்டரில் தெரியும் மூலநிரலிலிருந்தே வந்தது என்ற உறுதி. தேவையில்லாமல் மறுபடி கம்பைல் செய்யும் மேக்ஃபைல் தொல்லை மட்டுமே தரும். தேவையானதைச் செய்யாமல் விடும் மேக்ஃபைல் ஆளை ஏமாற்றும். இந்த வழிகாட்டியில் இரண்டாவது வகைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

லினக்ஸில் ஜிஎன்யூ மேக்கும் ஜிசிசி என்ற கம்பைலரும் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். உபுண்டு, டெபியனில் பில்ட்-எசென்ஷியல் என்ற தொகுப்பை நிறுவினால் இரண்டும் வந்துவிடும். ஆப்பிள் கணினிகளில் உடன் வருவது 2006ஆம் ஆண்டின் 3.81 பதிப்பு. கீழே வரும் சில வசதிகள் அதில் கிடையாது. ஹோம்ப்ரூ வழியாகப் புதிய மேக்கை நிறுவி, ஜிமேக் என்ற பெயரில் அழையுங்கள்.

இங்கே கட்டளைகள், விருப்பக் குறிகள், கோப்புப் பின்னொட்டுகள் எல்லாம் ஒலிப்படி தமிழில் உள்ளன. எடிட்டரில் அவற்றை ஆங்கிலத்தில் தட்டவேண்டும். மாறிகளின் பெயர்களைத் தமிழிலேயே விடலாம்: முக்காற்புள்ளி, #, =, இடைவெளி தவிர எந்த எழுத்தையும் மாறியின் பெயரில் ஜிஎன்யூ மேக் ஏற்கும். [டேப்] என்று இருக்கும் இடத்தில் டேப் விசையை ஒருமுறை அழுத்துங்கள்.

மேக் பார்ப்பது என்ன

மேக்ஃபைலில் ஒரு விதிக்கு மூன்று பகுதிகள். உருவாக வேண்டிய கோப்பு, அதாவது இலக்கு. அது எவற்றிலிருந்து உருவாகிறது என்ற சார்புப் பட்டியல். உருவாக்கும் செய்முறை. ஒரு சின்ன பில் போடும் நிரலை எடுத்துக்கொள்வோம். முதல்.சி, வரி.சி, அச்சு.சி என்று மூன்று கோப்புகள், அவை உள்ளே அழைத்துக்கொள்ளும் வரி.ஹெச், அச்சு.ஹெச் என்று இரண்டு ஹெடர்கள்.

பில்: முதல்.ஓ வரி.ஓ அச்சு.ஓ
[டேப்]ஜிசிசி -ஓ பில் முதல்.ஓ வரி.ஓ அச்சு.ஓ

முதல்.ஓ: முதல்.சி வரி.ஹெச் அச்சு.ஹெச்
[டேப்]ஜிசிசி -சி முதல்.சி

வரி.ஓ: வரி.சி வரி.ஹெச்
[டேப்]ஜிசிசி -சி வரி.சி

அச்சு.ஓ: அச்சு.சி அச்சு.ஹெச் வரி.ஹெச்
[டேப்]ஜிசிசி -சி அச்சு.சி

இதை மேக்ஃபைல் என்ற பெயரில் (முதல் எழுத்து பெரியதாக) சேமித்து, டெர்மினலில் மேக் என்று தட்டினால் கோப்பில் முதலில் வரும் இலக்கான பில் உருவாகும். செய்முறை வரி டேப்பில் தொடங்காமல் எட்டு இடைவெளிகளில் தொடங்கினால் "மிஸ்ஸிங் செப்பரேட்டர்" என்ற பிழையோடு மேக் நின்றுவிடும். எடிட்டர் டேப்பை இடைவெளிகளாக மாற்றிவிடுவதே பெரும்பாலும் காரணம். மேக்ஃபைலுக்கு மட்டும் அந்த அமைப்பை அணைத்து வையுங்கள். இந்த டேப் விதி நல்ல முடிவில்லை என்று ஃபெல்ட்மனுக்கே சீக்கிரம் தெரிந்துவிட்டது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று அப்படியே விட்டுவிட்டார். உலகம் இன்றுவரை டேப் தட்டிக்கொண்டிருக்கிறது.

இலக்குக் கோப்பு இல்லையென்றால் மேக் அதை உருவாக்கும். இருந்தால், கடைசியாக அது மாற்றப்பட்ட நேரத்தை ஒவ்வொரு சார்பின் நேரத்தோடும் ஒப்பிடும். ஏதாவது ஒரு சார்பு இலக்கைவிடப் புதியதென்றால் செய்முறை ஓடும். இந்த ஒப்பீடு சங்கிலியின் அடியிலிருந்து மேலே வரும்: வரி.சி மாறியதால் வரி.ஓ புதிதாகிறது, வரி.ஓ புதிதானதால் பில் மறுபடி இணைகிறது.

இவ்வளவுதான். கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று மேக் திறந்து பார்ப்பதில்லை. முந்தைய தடவை எந்தக் கட்டளை ஓடியது என்று குறித்து வைத்துக்கொள்வதும் இல்லை. நீங்கள் எழுதிய பட்டியலும் கோப்புகளின் நேரமுமே அதற்குத் தெரியும். இனி பார்க்கப்போகும் கோளாறுகள் எல்லாமே இந்த இரண்டில் ஒன்று பொய்யாவதால் வருபவை.

ஹெடர்களைக் கையால் எழுதவேண்டாம்

மேலே அச்சு.ஓ விதியில் வரி.ஹெச் என்று எழுத மறந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி.ஹெச் கோப்பில் உள்ள ஒரு ஸ்ட்ரக்ட்டின் நடுவில் புதிய உறுப்பு ஒன்றைச் சேர்க்கிறீர்கள். முதல்.ஓ, வரி.ஓ இரண்டும் புதிய வடிவத்தில் கம்பைலாகின்றன. அச்சு.ஓ பழைய வடிவத்திலேயே நிற்கிறது. இணைக்கும்போது ஒரு எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் ஆப்ஜெக்ட்களை இணைக்கும் லிங்கர் பார்ப்பது பெயர்களை மட்டுமே. ஸ்ட்ரக்ட்டின் அளவு அதற்குத் தெரியாது. நிரல் ஓடும். அச்சுப் பகுதி தவறான இடத்திலிருந்து எண்களை எடுக்கும். பில்லில் மொத்தத் தொகை வரவேண்டிய இடத்தில் ஏதோ குப்பை வரும், அல்லது செக்மென்டேஷன் ஃபால்ட். மூலநிரலை எத்தனை முறை படித்தாலும் பிழை கிடைக்காது, ஏனென்றால் அது மூலநிரலில் இல்லை. "எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்து பார்" என்ற அறிவுரை ஒரு அணியில் அடிக்கடி கேட்கிறதென்றால், அங்கே மேக்ஃபைலில் ஒரு சார்பு விடுபட்டிருக்கிறது என்று தாராளமாகச் சந்தேகிக்கலாம்.

இந்தப் பட்டியலை மனிதர் பராமரித்தால் கட்டாயம் தவறும். ஹெடருக்குள் ஹெடர், அதற்குள் இன்னொன்று என்று போகும்போது யாருக்கும் கணக்கு நிற்காது. எந்தெந்தக் கோப்புகளைத் திறந்தோம் என்று கம்பைலருக்குத் துல்லியமாகத் தெரியும். அதையே எழுதித்தரச் சொல்லலாம். அப்படி எழுதிய மேக்ஃபைல் இது:

கம்பைலர் = ஜிசிசி
கொடிகள் = -ஓ2 -ஜி -டபிள்யூஆல்
மூலம் = முதல்.சி வரி.சி அச்சு.சி
பொருள் = $(மூலம்:%.சி=கட்டு/%.ஓ)

பில்: $(பொருள்)
[டேப்]$(கம்பைலர்) -ஓ $@ $^

கட்டு/%.ஓ: %.சி | கட்டு
[டேப்]$(கம்பைலர்) $(கொடிகள்) -எம்எம்டி -எம்பி -சி -ஓ $@ $<

கட்டு:
[டேப்]எம்கேடிர் -பி $@

துடை:
[டேப்]ஆர்எம் -ஆர்எஃப் கட்டு பில்

.ஃபோனி: துடை
.டெலீட்_ஆன்_எரர்:

-இன்க்ளூட் $(பொருள்:.ஓ=.டி)

கொடிகளில் உள்ள -ஓ2வில் ஓ பெரிய எழுத்து. செய்முறைகளில் வரும் -ஓ சின்ன எழுத்து. -எம்எம்டி, -எம்பி, .ஃபோனி, .டெலீட்_ஆன்_எரர் எல்லாம் பெரிய எழுத்தில். $@ என்பது இலக்கின் பெயர், $< முதல் சார்பு, $^ எல்லாச் சார்புகளும்.

-எம்எம்டி கொடுத்தால், கம்பைல் செய்யும் அதே ஓட்டத்தில் கட்டு/வரி.டி என்று ஒரு சிறு கோப்பையும் ஜிசிசி எழுதும். அதற்குள் "கட்டு/வரி.ஓ: வரி.சி வரி.ஹெச்" என்று மேக்குக்குப் புரியும் விதி இருக்கும். எஸ்டிடிஐஓ.ஹெச் போன்ற சிஸ்டம் ஹெடர்களை அது விட்டுவிடும். அவையும் வேண்டுமென்றால் -எம்டி; நூலகங்களை அடிக்கடி மேம்படுத்தும் கணினிகளில் அதையே பரிந்துரைப்போம்.

-எம்பி எதற்கு? ஒரு ஹெடரை அழித்துவிட்டு, அதை அழைத்த வரிகளையும் நீக்கிவிட்டீர்கள். மூலநிரல் சரியாகவே இருக்கிறது. ஆனால் பழைய .டி கோப்பில் அந்த ஹெடரின் பெயர் இன்னும் இருப்பதால், அதை உருவாக்க விதி இல்லை என்று மேக் நின்றுவிடும். -எம்பி கொடுத்திருந்தால் ஒவ்வொரு ஹெடருக்கும் செய்முறையில்லாத வெற்று விதி ஒன்று எழுதப்பட்டிருக்கும். அழிந்த ஹெடர் மாறிவிட்டதாகக் கருதப்பட்டு, உரிய ஆப்ஜெக்ட் மறுபடி கம்பைலாகும், .டி கோப்பும் புதுப்பிக்கப்படும்.

கடைசி வரியில் இன்க்ளூடுக்கு முன்னால் இருக்கும் சிறு கோடு, ".டி கோப்பு இல்லையென்றால் பரவாயில்லை" என்று சொல்கிறது. முதல் தடவை அவை இருக்கப்போவதில்லை. அதனால் நஷ்டமும் இல்லை,.ஓ கோப்பே இல்லாதபோது எப்படியும் கம்பைல் நடக்கும். இந்த வரியைக் கடைசியிலேயே வையுங்கள். மேலே வைத்தால் .டி கோப்புக்குள் உள்ள முதல் விதியே முதன்மை இலக்காகிவிடும். மேக் என்று தட்டினால் ஒரு.ஓ கோப்பு மட்டும் உருவாகி வேலை முடிந்துவிடும்.

இந்த முறையிலும் ஒரு ஓட்டை உண்டு. ஹெடர் தேடும் பாதையில் முன்னால் உள்ள ஒரு அடைவில், ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும் ஹெடரின் பெயரிலேயே புதிய கோப்பை வைத்தால் மேக் அதைக் கவனிக்காது. பழைய பட்டியலில் இருப்பது பழைய பாதை, அந்தக் கோப்போ மாறவில்லை. அபூர்வமாக நேர்வதுதான், நேர்ந்தால் துடைத்துவிட்டு மறுபடி கட்டுவதைத் தவிர வழியில்லை.

அடைவும் அந்தச் செங்குத்துக் கோடும்

கட்டு என்ற அடைவை | குறிக்குப் பின்னால் எழுதியதற்குக் காரணம் உண்டு. அடைவுக்குள் ஒரு கோப்பு உருவானாலோ அழிந்தாலோ அடைவின் நேரமும் மாறும். அதைச் சாதாரணச் சார்பாக எழுதினால், வரி.ஓ உருவானதும் அடைவு புதிதாகும், அதனால் முதல்.ஓ பழையதாகத் தெரியும், அடுத்த முறை அதுவும் மறுபடி கம்பைலாகும். கோட்டுக்குப் பின்னால் வரும் சார்பு இருந்தாக வேண்டும், ஆனால் அதன் நேரம் கணக்கில் வராது.

செய்முறை பாதியில் நின்றால்

ஒரு நிரல் வெளியீட்டைக் கோப்பில் கொட்டிக்கொண்டிருக்கும்போது பிழையோடு முடிகிறது. பாதிக் கோப்பு வட்டில் இருக்கிறது. நேரமோ சார்புகளைவிடப் புதியது. அடுத்த முறை மேக் அதைப் பார்த்து, எல்லாம் சரி என்று கடந்துவிடும். கன்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினால் பாதி எழுதிய இலக்கை மேக்கே அழித்துவிடும். செய்முறை தானாகத் தோல்வியடையும்போது அழிக்காது. .டெலீட்_ஆன்_எரர் என்ற வரி அந்த நிலையிலும் அழிக்கச் சொல்கிறது. தோற்கும்போது தன் வெளியீட்டைத் தானே நீக்கிவிடும் ஜிசிசிக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது; > குறி போட்டு வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும் செய்முறைகளுக்குக் கட்டாயம் தேவை. இது இயல்பாகவே இயங்கியிருக்க வேண்டிய வசதி. பழைய மேக்ஃபைல்கள் உடையக்கூடாது என்பதால் நாமே எழுதவேண்டியிருக்கிறது.

கொடிகள் மாறினால் மேக்குக்குத் தெரியாது

-ஓ2வை -ஓ0 என்று மாற்றிவிட்டு மேக் தட்டிப் பாருங்கள். "பில் அப் டு டேட்" என்று பதில் வரும். எந்தக் கோப்பின் நேரமும் மாறவில்லையே. டீபக் செய்யத் தயாராகி அமர்ந்தால், முன்னே இருப்பது பழைய நிரல்.

எளிய வழி, கட்டு/%.ஓ விதியின் சார்புகளில் %.சிக்குப் பிறகு மேக்ஃபைல் என்றும் சேர்ப்பது. சிறு திட்டங்களுக்கு இதுவே போதும். குறை என்னவென்றால், மேக்ஃபைலில் ஒரு கருத்துரையைத் திருத்தினாலும் எல்லாம் மறுபடி கம்பைலாகும். மேக் கொடிகள்=-ஓ0 என்கிற மாதிரி கட்டளை வரியிலேயே மதிப்பை மாற்றுபவர்களுக்கு இது உதவவும் செய்யாது.

பெரிய திட்டங்களுக்கு, கொடிகளை ஒரு கோப்பில் எழுதி வைத்து, மதிப்பு உண்மையிலேயே மாறினால் மட்டும் அந்தக் கோப்பைத் தொடுவது நல்லது:

கட்டு/கொடிகள்.டிஎக்ஸ்டி: எப்போதும் | கட்டு
[டேப்]+@எக்கோ '$(கம்பைலர்) $(கொடிகள்)' > $@.புதிது
[டேப்]+@சிஎம்பி -எஸ் $@.புதிது $@ || சிபி $@.புதிது $@

.ஃபோனி: எப்போதும்

பிறகு ஆப்ஜெக்ட் விதியை "கட்டு/%.ஓ: %.சி கட்டு/கொடிகள்.டிஎக்ஸ்டி | கட்டு" என்று மாற்றுங்கள். %.சி முதலிலேயே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் $< தவறான கோப்பைக் காட்டும். எப்போதும் என்பது கோப்பாக இல்லாத இலக்கு. அதனால் இந்தச் செய்முறை ஒவ்வொரு தடவையும் ஓடும். சிஎம்பி இரு கோப்புகளையும் ஒப்பிட்டு, வேறுபட்டால் மட்டுமே நகல் எடுக்கிறது. செய்முறை முடிந்ததும் மேக் கோப்பின் நேரத்தை மறுபடி பார்க்கும். மாறாதிருந்தால் ஆப்ஜெக்ட்களைத் தொடாது. வரித் தொடக்கத்தில் உள்ள + குறி, வெள்ளோட்டமாக -என் கொடுத்து ஓட்டும்போதும் இந்த இரு வரிகளை நிஜமாக ஓடவைக்கிறது. அது இல்லாவிட்டால் கொடிக் கோப்பு மாறப்போகிறது என்று அனுமானித்து, எல்லாவற்றையும் கம்பைல் செய்யப்போவதாக வெள்ளோட்டம் பொய் சொல்லும்.

"வேறுபட்டால் மட்டும் நகலெடு" என்ற இதே தந்திரம், பதிப்பு எண்ணை வைத்திருக்கும் பதிப்பு.ஹெச் போன்ற தானாக உருவாகும் ஹெடர்களுக்கும் பொருந்தும். அதில் பில்ட் செய்த நேரத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள். நொடிக்கு நொடி மாறும் ஹெடரை எல்லாக் கோப்புகளும் அழைத்தால், மாறியதை மட்டும் கம்பைல் செய்யும் பேச்சுக்கே இடமில்லை. நேரம் கட்டாயம் தேவையென்றால் அதை ஒரே ஒரு .சி கோப்புக்குள் வையுங்கள்.

பட்டியலிலிருந்து ஒரு கோப்பை நீக்குவதும் இதே ரகம். மூலம் மாறியிலிருந்து அச்சு.சியை எடுத்துவிட்டால், மீதமுள்ள சார்புகள் எல்லாம் பில்லைவிடப் பழையவை. மறுபடி இணைப்பு நடக்காது, நீக்கிய பகுதி நிரலுக்குள் இருந்துகொண்டே இருக்கும். பில் விதியின் சார்புகளில் மேக்ஃபைலையும் சேர்த்து, செய்முறையில் $^க்குப் பதில் $(பொருள்) என்று எழுதினால் தீர்ந்தது. இணைப்பு சீக்கிரம் முடிகிற வேலை. அது கூடுதலாக ஒருமுறை நடந்தால் மோசமில்லை.

நேரம் பொய் சொல்லும்போது

பழைய நகலைத் திரும்பக் கொண்டுவருவது முதல் பொறி. வரி.சியைத் திருத்திக் கம்பைல் செய்தபின், திருத்தம் பிடிக்காமல் பழைய நகலை எம்வி கட்டளையால் அதன் இடத்தில் வைக்கிறீர்கள். எம்வி கோப்பின் நேரத்தை மாற்றாது. வரி.சியின் நேரம் நேற்றையது, வரி.ஓவின் நேரம் இன்றையது. மாற்றம் எதுவுமில்லை என்று மேக் சொல்லும். நிரலிலோ நீங்கள் தூக்கியெறிந்த திருத்தம். சிபி -பி, ஆர்சிங்க் -ஏ, டார் விரிப்பு எல்லாமே பழைய நேரத்தைக் காப்பவை. திரும்பக் கொண்டுவந்த கோப்பின் மேல் டச் கட்டளையை ஓட்டுங்கள். டாரை விரிக்கும்போது -எம் கொடுத்தால் நேரம் இப்போதையதாகிவிடும்.

மூலநிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் இதில் சமர்த்து. கிளை மாறும்போது, வேறுபடும் கோப்புகளை மட்டும் புதிதாக எழுதும், அவற்றுக்கு அந்த நொடியின் நேரமே கிடைக்கும். எனவே பழையது தங்கும் ஆபத்து இல்லை. ஆனால் வேறு கிளைக்குப் போய் உடனே திரும்பினாலும் அந்தக் கோப்புகள் எல்லாம் மறுபடி கம்பைலாகும். இரண்டு கிளைகளில் மாறி மாறி வேலை செய்பவர்கள் கிட் வொர்க்ட்ரீ மூலம் இரண்டு தனி அடைவுகள் வைத்துக்கொள்வது நல்லது. தானியங்கி பில்ட் சர்வர்களிலும் இதே சிக்கல் தலைகீழாக வரும்: ஒவ்வொரு முறையும் புதிதாக க்ளோன் செய்வதால் மூலக் கோப்புகள் எல்லாமே "இப்போது" பிறந்தவை. சேமித்து வைத்த ஆப்ஜெக்ட்களைப் பழைய நேரத்தோடு கொண்டுவந்து வைத்தாலும் மேக் அவற்றை மதிக்காது. அங்கே, முன்பு கம்பைலான ஆப்ஜெக்ட்களைச் சேமித்து வைத்துத் திரும்பத் தரும் சிகேஷ்தான் சரியான கருவி.

அடுத்தது கடிகாரம். மூலநிரல் வலையமைப்பு வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் சர்வரில், கம்பைல் உங்கள் கணினியில் என்றால் இரண்டு கடிகாரங்களும் சில நொடிகள் விலகியிருந்தாலே போதும். சர்வர் கடிகாரம் முன்னால் ஓடினால் கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கும். மேக் "க்ளாக் ஸ்க்யூ டிடெக்டட்" என்று எச்சரித்து, பில்ட் முழுமையாக இல்லாமல் போகலாம் என்றும் சொல்லும். தூங்கி எழுந்த விர்ச்சுவல் மெஷின்களிலும் இதைப் பார்க்கலாம். எச்சரிக்கைதானே என்று விட்டுவிடாதீர்கள்: கடிகாரங்களை என்டிபியால் ஒத்திசைத்து, எதிர்கால நேரமுள்ள கோப்புகளை டச் செய்து, ஒருமுறை துடைத்துக் கட்டுங்கள்.

கோப்பு முறைமையின் துல்லியமும் முக்கியம். எக்ஸ்ட்4இல் நேரம் நானோநொடி அளவில் பதிவாகும். பென் டிரைவ்களில் வரும் ஃபேட் முறைமையில் மாற்றிய நேரம் 2 நொடிக்கு ஒருமுறைதான் நகரும். கம்பைல் முடிந்த அதே இரண்டு நொடிக்குள் மூலத்தைச் சேமித்தால் இரண்டின் நேரமும் ஒன்றாகிவிடும். சமமாக இருந்தால் மேக் மறுபடி செய்யாது. பென் டிரைவில் வைத்துக் கம்பைல் செய்யாதீர்கள்.

ஒவ்வொரு தடவையும் எல்லாம் கம்பைலானால்

மேக்கை அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டாவது முறை எதுவும் கம்பைலாகக்கூடாது. கம்பைலானால், மேக் --ட்ரேஸ் என்று ஓட்டிப் பாருங்கள். எந்த இலக்கு, எந்தச் சார்பினால் மறுபடி செய்யப்படுகிறது என்று வரி எண்ணோடு காட்டும். 4.0 பதிப்பிலிருந்து இது உண்டு. பழைய பதிப்பென்றால் -டி. கொட்டும் வெளியீட்டில் "நியூவர் தேன் டார்கெட்" என்ற சொற்களைத் தேடுங்கள்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. இலக்கின் பெயர் ஒன்று, செய்முறை எழுதும் கோப்பு வேறொன்று. இலக்கு எப்போதும் இல்லாததாகவே தெரிகிறது. அல்லது நிஜமான கோப்பு ஒன்று .ஃபோனி இலக்கைச் சார்ந்திருக்கிறது; .ஃபோனி என்றைக்குமே புதியது. துடை போன்ற கோப்பல்லாத இலக்குகளை .ஃபோனியில் எழுதாமல் விட்டால் நேர் எதிரானது நடக்கும்: யாராவது துடை என்று ஒரு கோப்பை உருவாக்கிவிட்டால், துடைக்கும் செய்முறை ஓடவே ஓடாது.

சரிபார்ப்பது

ஒரு ஹெடர் மாறினால் என்னென்ன கம்பைலாகும் என்று, அதைத் தொடாமலே கேட்கலாம்: மேக் -என் -டபிள்யூ வரி.ஹெச், இதில் டபிள்யூ மட்டும் பெரிய எழுத்து. வரி.ஹெச் இப்போதுதான் மாறியது போல் பாவித்து, ஓடவேண்டிய கட்டளைகளை மட்டும் அச்சிடும். நீங்கள் எதிர்பார்க்கும் கோப்பு அந்தப் பட்டியலில் இல்லையென்றால் சார்பு விடுபட்டிருக்கிறது. பழைய திட்டமொன்றைப் பொறுப்பேற்கும் அன்றே முக்கியமான நாலைந்து ஹெடர்களுக்கு இதை ஓட்டிப் பாருங்கள்.

விடுபட்ட சார்புகளை வெளிக்கொண்டுவர இன்னொரு வழி, ஒரே நேரத்தில் பல வேலைகள். மேக் -ஜே8 என்றால் எட்டுச் செய்முறைகள் வரை இணையாக ஓடும். இதுவரை எழுதிய வரிசையின் தயவில் தப்பித்த விதிகள் இதில் உடையும். 4.4 பதிப்பில் வந்த --ஷஃபிள், சார்புகளின் வரிசையைக் கலைத்துப்போட்டுச் சோதிக்கும். -ஜே போட்டால் பில்ட் உடைகிறது என்று -ஜேவை நீக்குவது தீர்வாகாது. உடையும் இடத்தில் ஒரு சார்பை எழுத வேண்டும்.

பைசன் போல ஒரே ஓட்டத்தில் .சி, .ஹெச் என இரண்டையும் உருவாக்கும் கருவிகள் -ஜேயில் இரண்டு முறை ஓடி, ஒன்றின் வெளியீட்டின் மேல் மற்றொன்று எழுதிவிடும். 4.3 பதிப்பிலிருந்து, இலக்குகளுக்குப் பின்னால் : என்பதற்குப் பதில் &: என்று எழுதினால் அவை ஒரே செய்முறையின் விளைவு என்று மேக் புரிந்துகொள்ளும்.

நேரம் போதாது என்றால்

ஒரு கருத்துரையில் எழுத்துப்பிழை திருத்தினாலும் மேக்குக்கு அது மாற்றம்தான். உள்ளடக்கத்தைப் பார்த்து முடிவெடுக்கவேண்டுமென்றால் மேக்ஃபைலில் வேறெதையும் மாற்றாமல், கம்பைலர் = சிகேஷ் ஜிசிசி என்று எழுதிப் பாருங்கள். மூலநிரலும் கொடிகளும் முன்பு கண்டவையே என்றால் சிகேஷ் சேமித்த ஆப்ஜெக்டையே எடுத்துத் தரும். கிளை மாறித் திரும்புவதும், துடைத்துவிட்டுக் கட்டுவதும் மலிவாகிவிடும். -ஜி இருக்கும்போது ஒரு வரி கூடினாலும் வரி எண்கள் நகர்ந்துவிடுவதால், கருத்துரைத் திருத்தத்தில் எப்போதும் பலன் கிடைக்காது.

குரோமியம் உலாவிக்காகப் பிறந்த நிஞ்ஜா என்ற பில்ட் கருவி, நேரத்தோடு முந்தைய கட்டளை வரியையும் பதிவு செய்து வைக்கிறது. கொடி மாறினால் தானாகவே மறுபடி கம்பைல் செய்யும், மேலே சொன்ன கொடிகள்.டிஎக்ஸ்டி வித்தை தேவையில்லை. அதன் கோப்பைக் கையால் எழுதுவதில்லை. சிமேக்கோ மெசானோ உருவாக்கித் தரும். கோ மொழி 1.10 பதிப்பிலிருந்து உள்ளடக்கத்தின் ஹாஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்க எண்ணை) வைத்தே முடிவெடுக்கிறது. நேரத்தைப் பார்க்க ஒரு கோப்புக்கு ஒரு ஸ்டாட் அழைப்பு போதும். ஹாஷ் போட முழுக் கோப்பையும் படிக்கவேண்டும். சில நூறு கோப்புகள் வரையுள்ள சி திட்டத்துக்கு, .டி கோப்புகளும் கொடிக் கோப்பும் உள்ள மேக்ஃபைலே போதும் என்பது எங்கள் கணிப்பு. அதைத் தாண்டினால் முதலில் சிகேஷைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் போதாதபோது சிமேக்கோடு நிஞ்ஜாவுக்கு மாறலாம்.